ஊரிலேயே கம்பெனி

கே: திண்டுக்கல்லில் இருந்தபடியே சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்த முடியுமா?
- ஒரு வாசகர், நாகல்நகர்

ப: தாராளமாக! தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே 2011-ல் சோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி அலுவலகம் திறந்தது. (அட்வென்ட்நெட் என்று 1996-ல் தொடங்கி, 15 வருஷம் தாக்குப்பிடித்த பிறகு என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.)

புரோகிராம் எழுதுவது சுலபம். ஒட்டன்சத்திரம் மண்டிக்காரரிடம் அதை விற்பதில்தான் இருக்கிறது வித்தை. "எம் மச்சினன் பையன் சும்மாவே போட்டுத் தர்றேங்கிறானே தம்பி!" என்பார். மனசு மாறி வாங்கினாலும், பணம் கேட்கும்போது மட்டும் முகூர்த்தம் முடியணும், அமாவாசை கழியணும். இதற்கிடையே பெண் வீட்டார் வேறு, "சொந்தக் கம்பெனியா? அப்போ வேலை கிடைக்கலையா?" என்று விசாரிப்பார்கள்.

ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவிட்டு இறங்குங்கள். வருஷ சந்தாவை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கும் பில் உண்டு!