வியர்க்காமல் வளர்த்தமைக்கு நன்றி

பெறுநர்:
மாண்புமிகு உறுப்பினர்கள் 234 பேரும்,
தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009.

பொருள்: பள்ளிப் பிள்ளைகளை வியர்வையிலிருந்து காத்து வருவதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: கல்வி உரிமைச் சட்டம் 2009, இணைப்பு அட்டவணை.

மாண்புமிகு ஐயா, அம்மா,

கோரிக்கை மனு வாங்கி வாங்கிச் சலித்திருப்பீர்கள். இது நன்றிக் கடிதம், பயப்படாமல் பிரிக்கலாம்.

உங்கள் அலுவலக வாசலில் விடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாலை, குடிநீர், பட்டா, இடமாறுதல், பெரிய பள்ளியில் ஒரு சீட்டுக்குச் சிபாரிசு என்று ஆளுக்கொரு கவலை. "என் மகள் ஓடி விளையாட ஒரு திடல் வேண்டும்" என்று மனுவோடு எந்தத் தகப்பனாவது வந்திருந்தால், உங்கள் உதவியாளர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். ஓட்டுப் போட வயதில்லாத பிள்ளை ஓடினால் என்ன, உட்கார்ந்தே இருந்தால் என்ன? ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் நீங்கள் எல்லாரும் ஒன்றுபோலப் போட்ட கணக்கு இது. வேறு எந்த விஷயத்தில் அவையில் இவ்வளவு ஒற்றுமை இருக்கிறது?

பள்ளிக்கூடத்திலும் உங்கள் கணக்குத்தான் நடக்கிறது. பி.டி. பீரியட் மணி அடித்ததும் பையன்கள் கதவை நோக்கிப் பாய்வார்கள். கணக்கு டீச்சர் சாக்பீஸும் கையுமாக வாசலை மறித்து நிற்பார். "போர்ஷன் முடியல, உட்காருங்கடா." அவ்வளவுதான். விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் சொல்லிப் பார்த்தார்: பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை அவர்களுக்குக் கடன் கொடுங்கள் என்று. யார் கேட்டார்கள்? கூட்டுறவு வங்கிக் கடனைக்கூடத் தேர்தலுக்குத் தேர்தல்தான் தள்ளுபடி செய்கிறீர்கள். இந்தக் கடன் வாரா வாரம் தள்ளுபடியாகிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அந்தத் தொந்தரவும் இல்லை. பல பள்ளிகளில் அந்தப் பீரியடே கிடையாது.

தப்பித்தவறி பீரியட் கிடைத்தாலும் பிள்ளைகளுக்கு ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. விளையாட்டுச் சாமான் அறையின் சாவி தலைமையாசிரியரின் மேஜையில் இருக்கும், அவர் மீட்டிங் போயிருப்பார். சாவி கிடைத்தால் பந்து இருக்கும், காற்று இருக்காது. காற்றடித்த ஒரே பந்தின் பின்னால் ஐம்பது பையன்கள் ஓடுவார்கள். பெண் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் ஒரு பெண் ஓடினால் அவள் வீட்டுக்குச் சேதி முன்னால் போய்விடும். பி.டி. சார் எங்கே என்கிறீர்களா? பிரேயரில் வரிசை நிறுத்திவிட்டு, தாமதமாக வந்தவனைக் கேட்டில் பிடித்து, ஸ்டைலாக முடி வெட்டியவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, இப்போது இலவச சைக்கிள் வந்த லாரி அருகே எண்ணிக்கொண்டு நிற்கிறார். கழுத்தில் விசில் தொங்குகிறது. அதை ஊத ஆண்டு விழா வரவேண்டும்.

தனியார் பள்ளிகளை விட்டுவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். அங்கே வாரத்தில் ஒரு நாள் வெள்ளை கேன்வாஸ் ஷூ கட்டாயம். கறை தெரியாமலிருக்க அதன்மேல் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு வரும் பிள்ளை, மாலையில் அதே வெள்ளை ஷூவோடு வேனில் ஏறுகிறது. மண் படாத வெள்ளை. திடல் இருந்த இடத்தில் புது பிளாக் எழுந்துவிட்டது.

பார்வையில் கண்ட சட்டத்துக்கு வருகிறேன். அது மாநிலத்தில் இயற்றியதல்ல, நாடாளுமன்றத்தில் இயற்றியது; ஆனாலும் அதன் அருமை தெரிந்து கடைப்பிடிப்பவர்கள் நீங்கள். பள்ளி என்றால் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது அட்டவணை. எவ்வளவு பெரியது என்று சொல்லவில்லை. நான்கு பூந்தொட்டிகளை நகர்த்தி வைத்தாலும் திடல்தான். 6 முதல் 8 வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. சரியாக நூறு பேர் இருந்தால் அவர்களுக்கு உடம்பு இல்லை என்று பொருள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைகளுக்கு அட்டவணையில் அந்தப் பகுதிநேரமும் கிடையாது.

அந்தப் பகுதிநேரத்தை 2012-ல் இங்கே கடைப்பிடித்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் இல்லை. 2024-ல் அது 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் எத்தனையோ முறை உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் குண்டுக்கட்டாகத் தூக்கி வேனில் ஏற்றியிருக்கிறது. மாநிலத்தில் உடற்கல்வி ஆசிரியருக்கு அரசு செலவில் கிடைக்கும் உடற்பயிற்சி அது ஒன்றுதான்.

விளையாட்டுக்குச் செலவே செய்யவில்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார் பந்தயம். ஆனந்தையும் குகேஷையும் தந்த மண்ணில் செஸ்ஸைக் குறை சொல்வேனா? ஊரெல்லாம் பேசிய இரண்டு போட்டிகளும் உட்கார்ந்து ஆடுபவை என்று மட்டும் கவனித்தேன். 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் நம் பிள்ளைகள் உண்மையிலேயே ஓடினார்கள், பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். மற்ற பிள்ளைகள் அதைக் கைபேசியில் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி நம் ஊரில்தான் இருக்கிறது. 1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அது. கோட்டையிலிருந்து நந்தனம் எவ்வளவு தூரம்? அதன் மைதானத்தைப் புத்தகக் காட்சிக்குப் போனபோது பலரும் பார்த்திருப்பார்கள். வண்டியை நிறுத்த அங்கேதான் நல்ல இடம்.

மைதானங்களை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை என்பதும் அவதூறு. பொருட்காட்சி, பட்டாசுக் கடை, தலைவர் வந்திறங்க ஹெலிபேட், பொதுக்கூட்டம் எல்லாம் அங்கேதான். பந்தலுக்குச் சவுக்குக் கம்பம் நட்ட குழிகள் மறு ஆண்டுவரை மூடாமல் கிடக்கும். பையன்கள் அதில் நீளம் தாண்டப் பழகிக்கொள்கிறார்கள், தவறினால் கணுக்கால்.

தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உங்களிடம் இருந்தும் திடல் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள். பேருந்து நிழற்குடைக்கு நெற்றி உண்டு, அதில் பெயரும் படமும் எழுதலாம். வெறும் மண் தரையில் உங்கள் பெயரை எங்கே எழுதுவது?

ஓடாத உடம்புக்கு என்ன ஆகும் என்ற கவலையும் எங்களுக்கு வேண்டியதில்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்தில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அது வாய்ப்பதில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதனால் என்ன? 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்துவிட்டது. நல்ல திட்டம், பகடிக்காகச் சொல்லவில்லை. பிள்ளைப் பருவத்தில் திடல் தேடி வராவிட்டாலும், நாற்பது வயதில் மாத்திரை தேடி வந்துவிடும். வளர்ந்தவர்களுக்கு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 8 கிலோமீட்டர் நடைபாதையும் இருக்கிறது. பத்து வயதில் ஓட விடாமல் ஐம்பது வயதில் நடக்கச் சொல்வதில் ஒரு நிதானம் தெரிகிறது.

நன்றி சொல்லி முடிந்தது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டியூஷன் சென்டர்க்காரர்களுக்கு உங்களை எப்படிப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது தலைவரைப் புகழும் நேரத்தில் ஒரு நிமிடம் மிச்சம் பிடித்து, அந்தப் பிள்ளைக்காக எழுந்து நின்று கேளுங்கள்: என் தொகுதியில் எத்தனை பள்ளிகளுக்குத் திடல் இருக்கிறது, எத்தனை பள்ளிகளில் முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், கடன் போன பீரியடுகளுக்கு யார் பொறுப்பு?

அமைச்சர் சொல்லும் பதிலைப் பள்ளி வாரியாக அச்சடித்துத் தொகுதி முழுக்க ஒட்டுங்கள். போஸ்டர் ஒட்ட உங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓட்டுரிமை உள்ள ஒரு தகப்பன்