மளிகைச் சீட்டில் இல்லாதவை

கேள்வி: மளிகைச் செலவு 6,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று மாதா மாதம் 1-ஆம் தேதி தீர்மானிக்கிறேன். 20-ஆம் தேதி பர்ஸ் காலி. என்ன செய்ய?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அண்ணாச்சியிடம் சீட்டு கொடுத்து வாங்கிய காலத்தில், சீட்டில் இல்லாத சாமான் வீட்டுக்கு வராது. இப்போது சூப்பர் மார்க்கெட்டில் வண்டியை நாமே தள்ளுகிறோம். உப்பு வாங்கப் போனவர் ஓட்ஸ், ஊறுகாய், 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவச' ஷாம்பூவோடு திரும்புகிறார், உப்பை மறந்துவிட்டு! எனவே சீட்டு எழுதுங்கள். அதற்கு முன் அலமாரியைக் குடைந்து பாருங்கள். வெந்தயம் எப்படியும் மூன்று டப்பாவில் இருக்கும்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வரிசையில் நிற்கக் கௌரவம் தடுத்தால், கௌரவத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். பாக்கெட்டில் விலையோடு எடையையும் படியுங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் இன்றும் பத்து ரூபாய்தான். உள்ளே இருப்பதுதான் டயட்டில் இருக்கிறது.

காய்கறிப் பணம் தனியாக இருக்கட்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எந்தத் தீர்மானம் நின்றது? ரசத்தில் புளியைக் கூட்டித்தான் சமாளித்தோம்.

வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினால், சீட்டும் எண்ணிய பணமும் கொடுத்தனுப்புங்கள். ஜிபே இருக்கும் போன் உங்களிடமே இருக்கட்டும்.