கேட்காமலே செய்து கொடுப்பவர்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் மூலை மேசையில் இவரைப் பார்க்கலாம். மடிக்கணினி திறந்திருக்கும், தே தாரே ஆறி ஆடை கட்டியிருக்கும். "என்ன தம்பி வேலை?" என்றால் "வெப் டிசைனர்ணே" என்பார். யாருக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில், இவருடைய பக்கத்தில் முதலில் நிற்பது கேடிஎம் கோமுட்டர் ரயிலின் இணையத்தளம். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே வந்த ஒரு நாளில், அந்தத் தளத்தை முழுக்க மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தாராம். கேடிஎம் கேட்கவில்லை. கேட்காததால்தான் வேலை இவ்வளவு சுத்தமாக வந்தது என்பது இவர் கட்சி. இவர் திரையில் எந்நேரமும் ரயில் 2 நிமிடத்தில் வந்துகொண்டே இருக்கும். பெட்டியில் எல்லாருக்கும் உட்கார இடம் இருக்கும். அடுத்து ஒரு வங்கி, ஒரு விமான நிறுவனம். அவர்களும் கேட்கவில்லை. பிஹான்ஸை 2012-இல் வாங்கிய அடோபிக்கு இவர் கட்டும் மாதச் சந்தா அம்மாவின் கணக்கில் போகிறது.

வடிவமைப்பாளர்கள் படம் போட்டுக் காட்டும் இன்னொரு தளமான டிரிபிளின் கதை தனி. 2009-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஆரம்ப காலத்தில் 400-க்கு 300 பிக்சல் படம்தான் போட முடிந்தது. அதற்கும் உள்ளே இருக்கும் ஒருவர் அழைக்க வேண்டியிருந்தது. அந்த அழைப்புக்கு அலைந்த அலைச்சலைப் பெண் பார்ப்பதற்கு அலைந்திருந்தால், இன்றைக்குப் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும். வடிவமைப்பாளர்கள் சக வடிவமைப்பாளர்களின் கைதட்டலுக்காகவே படம் போடுகிறார்கள், உண்மையான பிரச்சினையைத் தீர்ப்பதில்லை என்று பால் ஆடம்ஸ் என்பவர் 2013-லேயே ஒரு கட்டுரையில் வெளுத்து வாங்கினார். நம்மவரும் படித்தார். "வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூடணும்ணே" என்றார்.

இவர் படங்களில் எழுத்தெல்லாம் இடம் நிரப்பும் லோரம் இப்சம். கி.மு. 45-இல் சிசரோ எழுதியதைக் கண்டதுண்டமாக்கிய லத்தீன் அது. பொத்தானுக்குள் சமர்த்தாக அடங்கும். அங்கே 'திருமண மண்டப முன்பதிவு' என்று தமிழில் போட்டால் பொத்தான் வெடித்துவிடும். 'கொ' வரும் சொல்லைப் போட்டால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வந்து உட்காரும். ஆகவே இவர் உலகத்தில் தமிழர் யாரும் கல்யாணம் செய்வதில்லை.

காசு வாங்கிச் செய்த வேலை ஒன்றே ஒன்று இருக்கிறது: கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு சேலைக் கடை. எண்ணூறு வெள்ளி. முதலாளி கைப்பேசியில் எடுத்த கனத்த படங்களையெல்லாம் சுருக்கி, பழைய போனிலும் சட்டென்று திறக்கும்படி செய்தார். "எத்தனை மணிக்கு அடைப்பீங்க? காடி எங்க போடுறது?" என்றுதான் தீபாவளி நேரத்தில் போன் வருகிறது என்பதைக் கவனித்து, இரண்டுக்கும் பதிலை உச்சியிலேயே வைத்தார். வாட்ஸ்அப் எண்ணைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் பெரிதாகப் போட்டார். அருமையான வேலை. பழைய பக்கத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, முதலாளி என்ன கேட்டார், வாடிக்கையாளர் என்ன கேட்டார், தான் எதை ஏன் மாற்றினார் என்று நாலு வரி எழுதினால் போதும். வேலை கொடுக்கிறவர் தேடுவது அதைத்தான். சொல்லிப் பார்த்தேன்.

"அதுல அழகே இல்லணே. உச்சியில பிள்ளையார் வேற இருக்காரு."

டிரிபிளில் போடுவதற்கென்று தனியாக ஒன்று செய்தார். அதில் பிள்ளையாரை எடுத்தார். எண்ணை எடுத்தார், நேரத்தை எடுத்தார், முதலாளி படத்தை எடுத்தார். வெளிறிய ரோஜா நிறம், சேலையே கட்டியறியாத ஒரு வெள்ளைக்காரப் பெண், சாய்ந்து மிதக்கும் மூன்று கைப்பேசிகள். கடைக்குப் புதுப் பெயரும் வைத்தார். போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் இதயங்கள் வந்து குவிந்தன.

பெருமை தாங்காமல் முதலாளியிடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"யாரு கடை தம்பி இது? சரக்கு நல்லா இருக்கே. எங்க லா இருக்கு? ஒரு போன் நம்பர்கூடப் போடாம விட்டுட்டானுங்களே!"