மாரிமுத்துவுக்குக் கிடைத்த காலாண்டு விருது

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மனிதவளத் துறையினருக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை டவுன்ஹால் கூட்டத்தில், அவ்வளவு பெரிய திரையில், 'இந்தக் காலாண்டின் நட்சத்திரம்: மாரிமுத்து' என்று நீங்கள் போட்டதில் எங்கள் குடும்பமே பூரித்துப்போயிருக்கிறது. மாரிமுத்து என் அப்பா. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேமில் நின்று காலம் கழித்து ஓய்வு பெற்றவர். போனில் வாட்ஸ்அப் திறக்கவே பேரனைக் கூப்பிடுவார். அவர் எங்களுக்குத் தெரியாமல் சென்னை ஓஎம்ஆர் ஆபீஸுக்கு வந்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வங்கியின் பேட்ச் ஜாபைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க உங்கள் துறையால் மட்டுமே முடியும்.

விருதுரையும் பிரமாதம். 'ஹிஸ் டயர்லெஸ் டெடிகேஷன்', 'ஹிஸ் பேஷன்' என்று வரிக்கு வரி 'ஹிஸ்'. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் முகமில்லாத ஒரு தலை. அதற்கு மீசையாவது வரைந்திருக்கலாம், அப்பாவுக்கு நல்ல மீசை. நான் மேடையேறியதும் வைஸ் பிரசிடென்ட் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மாரிமுத்து வரலையாம்மா?" என்று கேட்டார். மைக் ஆனில் இருந்தது. "ஊர்ல இருக்கார் சார்" என்றேன். அரங்கமே சிரித்தது. மகள் என்ற முறையில் கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டத்தைப் பார்த்ததும் அப்பாவை ஒன்றில் உட்காரவைத்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஐந்து முறை உலகச் சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்தையே உலகம் அப்பா பெயரைச் சுருக்கி 'விஷி' என்றுதான் கூப்பிடுகிறது. ஆனாலும் பட்டத்தை ஆனந்திடம்தான் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். விருதோடு வந்த ரிவார்டு பாயின்ட்ஸுக்கு இந்த மாத ஊதியச் சீட்டில் வரி பிடித்திருக்கிறீர்கள். அது மட்டும் எப்படி என் பெயரில், என் பான் எண்ணில், ஒரு எழுத்து பிசகாமல் பிடிக்கப்பட்டது? புகழ் மாரிமுத்துவுக்கு, வரி தேன்மொழிக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையை வகுத்த மகானின் பெயரைத் தெரிவித்தால் அவரையும் அடுத்த காலாண்டுக்குப் பரிந்துரைப்பேன். அவருடைய அப்பா பெயரைச் சொன்னாலும் போதும்.

சென்னையில் பிறந்த இந்திரா நூயி, பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது தன் உயரதிகாரிகளின் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் பிள்ளை இங்கே இன்ன வேலை செய்கிறார், இப்படி வளர்த்ததற்கு நன்றி என்று. அவர் தலைமைப் பதவி ஏற்ற பிறகு இந்தியா வந்தபோது, வீடு தேடி வந்தவர்கள் அவருக்கு ஒரு வணக்கத்தை வைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போய்ப் பாராட்டினார்களாம். அதிலிருந்து பிறந்த யோசனை. அந்த அம்மையார் பெற்றோருக்குக் கடிதம்தான் எழுதினார். நீங்கள் வேலையையே பெற்றோர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டீர்கள்.

ஆனால் அப்படி ஒரு கடிதம் எழுத, அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? கோப்பின் கடைசியில் ஒரு காலி வரி. அதில் மோதி ஜாப் நின்றுவிட்டது. நான் அவசரத்தில் முதலிலிருந்து ஓட்டப்போனேன். பக்கத்து நாற்காலிப் பையன் கையைப் பிடித்துத் தடுத்தான்: "அக்கா, பாதி ஏற்கெனவே போஸ்ட் ஆயிருச்சு. மறுபடி ஓட்டினா எல்லார் கணக்குலயும் ரெண்டு தடவை பணம் போகும்." அந்த ஒரு வாக்கியம்தான் அந்த வங்கியைக் காப்பாற்றியது. அவன் பெயரைப் பரிந்துரைப் படிவத்தில் தட்டினேன். 'அப்படி ஒரு பணியாளர் இல்லை' என்று வந்தது. அவன் வெண்டர் ஆள். கழுத்தில் வேறு நிற நாடா. எங்களோடு அதே ராத்திரி விழித்திருப்பான், கேக் வெட்டும்போது மட்டும் மீட்டிங் ரூமுக்கு வெளியே நிற்பான். என் பெயரை மாற்றிப் போட்டது கிளார்க் பிழை என்று விட்டுவிடலாம். அவன் பெயர் உங்கள் பட்டியலில் ஏறவே முடியாதபடி படிவம் செய்திருக்கிறீர்களே, அது தெரிந்தே செய்த காரியம். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். நட்சத்திரத்தின் மகள் இப்படிக் குரலை உயர்த்தக் கூடாது. பெரிய நிறுவனம், இத்தனை பேரை எப்படித் தெரிந்துகொள்வது என்ற தங்கள் மனக்கவலையை நான் அறிவேன். கேம்பல் சூப் நிறுவனத்தை 2001 முதல் 2011 வரை நடத்திய டக் கானன்ட், அந்தப் பத்து வருஷத்தில் 30,000-க்கும் மேற்பட்ட நன்றிக் குறிப்புகளைத் தன் கையால் எழுதினார். யார் எங்கே என்ன நல்லது செய்தார் என்று தேடி எடுத்துத் தருவதற்கு ஆள் வைத்திருந்தார். பாவம், அவருக்கு உங்களைப் போல டெம்ப்ளேட் போடத் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். அப்பாவின் மில்லில் இருபத்தைந்து வருஷம் முடித்தவர்களுக்கு ஓர் எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். கழுத்தருகே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும்: 'ரா. மாரிமுத்து, ரிங் ஃபிரேம்'. பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர் மெஷினை எடுப்பதற்கு முன்னால் "இனிஷியல் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு கேள்வியை உங்கள் மென்பொருளில் சேர்க்க எத்தனை கோடி ஆகும் என்று ஒரு மதிப்பீடு அனுப்பினால், பாயின்ட்ஸை விற்றாவது கட்டிவிடுகிறேன். அந்த பாயின்ட்ஸுக்கு உங்கள் கேட்டலாக்கில் தேறுவது கம்பெனி லோகோ போட்ட ஒரு காபிக் கோப்பை. அதுவும் மார்ச்சுக்குள் வாங்காவிட்டால் காலாவதி.

விருது விஷயத்தை அப்பாவிடம் போனில் சொன்னேன். "போனஸ் எவ்வளவு?" என்றார். நீங்கள் தேர்ந்தெடுத்த நட்சத்திரம் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

கேடயத்தை நாளை உங்கள் மேசையில் வைக்கிறேன். பெயரைத் திருத்த வேண்டாம். அந்த இரவு பணியில் இருந்தவர்களின் பட்டியல் உங்கள் பாதுகாப்பு வாயில் பதிவேட்டில் இருக்கிறது. நாடாவின் நிறத்தைப் பார்க்காமல் அதை ஒருமுறை படித்துவிட்டு, அந்தப் பையனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் அவன் தடுத்து நிறுத்திய அந்த ரன்னைப் பற்றி இரண்டு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
மா. தேன்மொழி