எட்டாவது கால்

அந்தக் குழாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றரை அங்குல பிவிசி, நான்கு அங்குல நீளம். ஒரு முனையில் கேமராவின் பிளாஸ்டிக் மூடி, நடுவில் வட்டமாக அறுத்து எம்-சீல் வைத்து ஒட்டியது. மறுமுனையில் கண்ணாடி உடைந்துபோன ஒரு ஃபில்டரின் வளையம். உள்ளே வெளிச்சம் சிதறாமல் இருக்கக் கறுப்புக் காகிதம். ஸ்டூடியோவுக்கு பிரிண்ட் பேப்பர் சுற்றி வரும் காகிதம் அது. 1993இல், கல்லூரி விடுமுறையில் செய்தேன்.

கேமரா எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன் கொடுத்த பழைய ஜெனித். ரஷ்யச் சரக்கு, செங்கல் கனம். “லென்ஸைத் திருப்பிப் போட்டுப் பாரு தம்பி, அதுவே பூதக்கண்ணாடி” என்று ஒரு நாள் சொன்னார். அந்த 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸைத் தலைகீழாகக் குழாயில் மாட்டினேன். ஒரு முசுறு எறும்பு, தன் உடம்பைப்போல இரண்டு மடங்கு நீளத்தில் பிலிமில் விழுந்தது. விரல்நகத்தைவிடச் சின்ன உயிர், படச்சட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம். மரம் முழுக்க முசுறுக் கூடுகள். நற்றிணையில் முயிறு என்று வருகிறதே, அதே எறும்புதான். மாங்காய் பறிக்க ஏறினால் கடிக்கும். கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து அமிலத்தைப் பீச்சும், காந்தும். மற்றவர்கள் சாம்பலைத் தூவிவிட்டு ஏறுவார்கள். நான் ஏணி போட்டுக் குழாயோடு ஏறினேன்.

அப்படி நான் பார்த்ததை இன்றும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு இலைகளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. இடைவெளி அதிகமானால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்வி, சங்கிலியாக நீண்டு, இலையை இழுத்துச் சேர்க்கின்றன. சேர்ந்ததும் உள்ளேயிருந்து வேறு சில எறும்புகள் வருகின்றன, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைப் புழு. அவற்றின் குஞ்சுதான். உணர்கொம்பால் அதன் தலையைத் தட்டித் தட்டிக் கேட்க, அது பட்டு இழையை விடுகிறது. குஞ்சை இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக மாற்றி மாற்றிக் கொண்டுபோய்த் தைக்கிறார்கள். தறியில் நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அசைவு தெரியும். தனக்குக் கூடு கட்டிக்கொள்ள வேண்டிய பட்டை அந்தக் குஞ்சு மொத்தமாக வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது.

(எறும்புகளை ‘தைக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டேன். திருத்த மனம் வரவில்லை.)

படம் எடுப்பது வேறு பாடு. குழாயின் நீளத்துக்கு வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் ஃபிளாஷ் இல்லாமல் வேலையில்லை. ஃபிளாஷை நேரே அடித்தால் எறும்பின் பளபளப்பான முதுகில் வெள்ளையாக ஒரு பொட்டு எரியும். அதற்காக ஐஸ்கிரீம் கப்பின் அடியை அறுத்து, டிரேசிங் பேப்பர் ஒட்டி, ஃபிளாஷின் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். வெளிச்சம் பால்போல இறங்கியது. எறும்பின் மார்பில் இருக்கிற மெல்லிய ரோமங்கள் அன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தன.

ஃபோகஸ் செய்ய வளையத்தைத் திருகுவதும் பயன்படாது. லென்ஸுக்கும் எறும்புக்கும் நான்கு விரல் தூரம். அதில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கண் தெளிந்தால் தாடை மங்கும், தாடை தெளிந்தால் கண் மங்கும். நம் உடம்புதான் ஃபோகஸ் வளையம். ஏணியில் முழங்காலை ஊன்றி, முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை. மூச்சு விட்டால் குழாய் ஆடும். அதைவிட, மூச்சுக்காற்று பட்ட கணமே முசுறுகள் தாடையை விரித்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு லென்ஸைப் பார்த்து நிற்கும். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பழகினேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எதையாவது உற்றுப் பார்த்தால் என் மூச்சு தானாக நின்றுவிடும்.

முப்பத்தாறு படம். ரோல் விலையும் கழுவுகிற கூலியும் சேர்ந்தால் என் ஒரு மாதக் கைச்செலவு. பக்கத்து நகரத்தில் ஒரு கலர் லேபில் கொடுத்து, மூன்று நாள் கழித்துப் போனேன். உறையில் நான்கு மேக்ஸி பிரிண்ட் மட்டும் இருந்தது. “மிச்சமெல்லாம் வேஸ்ட்டு தம்பி, ஒண்ணுமே தெரியல, அதான் போடல” என்றார் கவுன்டரில் இருந்தவர். எனக்குப் பணம் மிச்சப்படுத்தியதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் என் முப்பத்திரண்டு மூச்சையும் யாரோ கேட்காமலே தள்ளிவிட்டதுபோல இருந்தது. வீடு வரும்வரை பேருந்தில் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தேன். நெகட்டிவ்களைத் தூக்கி எறியவில்லை. அதற்காக இன்று சந்தோஷப்படுகிறேன்.

பிறகு உலகம் வேகமாக ஓடியது. 1999இல் கேனான் ஐந்து மடங்கு வரை பெரிதாக்கும் ஒரு லென்ஸை இதற்கென்றே கொண்டுவந்தது. 2002இல் கலிஃபோர்னியாவில் எறும்புகளுக்கென்றே ஆன்ட்வெப் என்ற படத்தொகுப்பு தொடங்கியது. முகம், பக்கவாட்டு, முதுகு என்று எத்தனையோ இனங்களை அதில் பார்க்கலாம். 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ இரண்டு சென்டிமீட்டர் வரை நெருங்கிப் படமெடுத்தது. ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான இடங்களை மட்டும் கணினியில் ஒன்றாகச் சேர்க்கவும் முடிகிறது. நான் ஏணியில் தவித்த அந்த ஆழப் பிரச்சினைக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு எறும்பு அசையாமல் இருக்க வேண்டும். அதனால் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஓடுகிற எறும்புதான் எறும்பு.

2022இல் நிகான் நிறுவனத்தின் ஸ்மால் வேர்ல்டு போட்டியில் லிதுவேனியக் கலைஞர் யுஜினியஸ் கவலியாஸ்கஸ் எடுத்த எறும்பு முகம் உலகமெல்லாம் சுற்றியது. பேய், பிசாசு என்று பலர் பயந்தார்கள். சிவப்புக் கண்கள் என்று அவர்கள் நினைத்தவை கண்களே அல்ல, உணர்கொம்புகள் முளைக்கும் குழிகள். அந்த முகத்தில் ஒரு கொடூரமும் இல்லை. அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்துப் பழக்கமில்லாததுதான் பயம். தெரு எறும்பின் முகத்தை நாலு நாள் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கொல்லை மாமரம் 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்தது. எங்கள் பக்கத்தில் தென்னை போனதைப் பற்றியே எல்லாரும் அழுதார்கள், நியாயம்தான். நான் வேர் மேலே தெரிய விழுந்து கிடந்த மரத்தில், நொறுங்கிய இலைக்கூடுகளிலிருந்து குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு வேலியோரக் கொய்யாவுக்குப் போய்க்கொண்டிருந்த வரிசையை வெகுநேரம் பார்த்தேன்.

போன கோடையில் தம்பி மகள் வந்திருந்தாள், பன்னிரண்டு வயது. கெட்டுப்போன டிவிடி பிளேயரைப் பிரித்து, உள்ளே இருந்த கடுகு போன்ற லென்ஸை எடுத்து, ஹேர்பின்னின் நுனியில் கவ்வவைத்து, போன் கேமராவின் மேல் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். சமையலறை மேடையில் சர்க்கரைக்கு வந்த எறும்பை அதில் காட்டினாள். நான் உள்ளே போய்க் குழாயை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஊதினாள். “இதுல எடுத்த படமெல்லாம் எங்க பெரியப்பா?” என்றாள்.

அப்படித்தான் அந்த நெகட்டிவ்கள் வெளியே வந்தன. லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, நெகட்டிவை அதற்குமேல் சற்று உயர்த்திப் பிடித்து, அவளே போனில் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய முசுறுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சள் நிறத்தில் எழுந்து வந்தன. பாதி மங்கல்தான். இருபத்து மூன்றாவது படத்தில் அவள் நின்றாள். விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். வாய்க்குள் எண்ணினாள்.

“பெரியப்பா, இதுக்கு எட்டுக் கால் இருக்கு.”

நானும் எண்ணினேன். உணர்கொம்பு என்று நான் நினைத்திருந்தது தூக்கிப் பிடித்த முன்கால்கள். இடுப்பு எறும்பைப்போலவே ஒடுங்கியிருந்தது, நிறமும் அதேதான். ஆனால் முன்னால் இரண்டு பெரிய கண்கள், விளக்குப்போல. முசுறைப் போலவே உருவெடுத்து முசுறுகளுக்கு நடுவே வாழும் குதிக்கும் சிலந்தி அது. 1869இலேயே அறிவியலில் பதிவானது. இன்று மிர்மப்ளாட்டா பிளாட்டேலியாய்டஸ் என்கிறார்கள். அதை நான் நான்கு விரல் தூரத்தில் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துப் படமும் எடுத்திருக்கிறேன். அதன்பிறகு முப்பது வருஷம், ‘வேஸ்ட்’ உறைக்குள் அது தன் எட்டுக் கால்களோடு காத்திருந்திருக்கிறது.

மறுநாள் காலை கொய்யாவடிக்குப் போனோம். அவள் போனோடு, நான் வெறுங்கையோடு. முசுறு வரிசைக்குப் பக்கத்து இலையில், எறும்புகள் மேலே படாமல் விலகி விலகி நடந்த ஒன்றை அவள்தான் முதலில் பார்த்தாள். போனை மெல்ல நெருக்கினாள். அது சட்டென்று திரும்பி, அந்தப் பெரிய கண்களால் லென்ஸைப் பார்த்தது.

“பெரியப்பா,” என்றாள் உதடு அசையாமல், “மூச்சு விடாதீங்க.”