ஏழடுக்கு மாளிகையில் ஒரு கேபிள்

இப்போதெல்லாம் நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு முதல் சுற்று வீடியோவில்தான். "ஹலோ, கேக்குதா?" என்பார் எதிர்ப்பக்கத்தவர். "கேக்குது சார், நான் பேசறது கேக்குதா?" என்போம். "கேக்குது" என்பார். உடனே முதல் கேள்வி: "டிசிபி த்ரீ-வே ஹேண்ட்ஷேக்னா என்ன?" இப்ப நாம பண்ணதுதான் சார் என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொண்டு சின், சின்-ஆக், ஆக் என்று வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். நடுவில் அவருடைய இணைப்பு அறுந்து திரும்பி வரும். நெட்வொர்க் டீமுக்கே தலைவர் அவர்தான் என்பதை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கக் கூடாது.

அடுத்து ஓஎஸ்ஐ. 1984இல் ஐஎஸ்ஓ தரமாக வெளியிட்ட ஏழடுக்கு மாளிகை. இதில் செஷன், பிரசன்டேஷன் என்ற இரண்டு அடுக்குகளை ஓஎம்ஆர் முழுக்கத் தேடினாலும் தனியாகப் பார்க்க முடியாது. டிசிபி/ஐபி அவற்றை அப்ளிகேஷனுக்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டது. இன்டர்வியூவில் மட்டும் இன்னமும் குடியிருக்கின்றன.

"பிங் எந்த போர்ட்ல ஓடுது?" என்று அப்பாவி முகத்தோடு கேட்பார்கள். எஸ்எஸ்ஹெச் 22, டிஎன்எஸ் 53, பிஜிபி 179 என்று பஸ் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்து வந்தவர் ஏதோ ஓர் எண்ணில் ஏறிவிடுவார். பிங் ஐசிஎம்பியில் போகிறது. அதற்கு போர்ட்டே கிடையாது.

மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதெல்லாம் முன்னுரை. உண்மையான பரீட்சை, "ஒருத்தர் நெட் வரலைங்கறார், என்ன செய்வீங்க?" என்பதுதான். பலர் நேரே ரூட்டிங்குக்குப் பாய்வார்கள். தேறுகிறவர், "அவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று திருப்பிக் கேட்பார். பிறகு கேபிள் சொருகியிருக்கிறதா என்று பார்ப்பார். ஐபி 169.254இல் தொடங்கினால் டிஹெச்சிபி கை கொடுக்கவில்லை. 8.8.8.8க்கு பிங் போகிறது, பெயர் போட்டால் போகவில்லை என்றால் டிஎன்எஸ் மேல் சந்தேகம்.

பேனலில் ஒருவர் கடைசிவரை லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்தபின் நிமிர்ந்து, "ட்ரங்க்ல புது விலான் எப்படிச் சேர்ப்பீங்க?" என்பார். சிஸ்கோ கட்டளையில் 'ஆட்' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் புதியது மட்டும் உள்ளே நிற்கும். பழைய விலான்கள் அத்தனையும் வெளியே. அவர் கேட்கிற குரலிலேயே, அது எந்தச் சனிக்கிழமை நள்ளிரவில் படித்த பாடம் என்பது தெரிந்துவிடும். பதில் தெரியாவிட்டால் "தெரியாது சார், லேப்ல போட்டுப் பாத்துட்டுத்தான் தொடுவேன்" என்று சொல்லுங்கள். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி வரும்.

கடைசியில் ஹெச்ஆர். ஷிஃப்ட், நோட்டீஸ் பீரியட், சம்பள எதிர்பார்ப்பு எல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்பார். "இந்த வேலைல முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?" என்று கேளுங்கள். பதில் வரும் நேரத்தைக் கணக்கிடுங்கள். விண்டோஸ் பிங் 4 விநாடிதான் காத்திருக்கும். அதற்கு மேல் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. நீங்களும் அதற்கு மேல் காத்திருக்காமல் அடுத்த கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பிவிடலாம்.