எடுத்தாரா, அடித்தாரா, குவித்தாரா?

கேள்வி: ஒருவர் ரன் ‘எடுத்தார்’, இன்னொருவர் ‘அடித்தார்’, வேறொருவர் ‘குவித்தார்’ என்று எழுதுகிறார்களே, எல்லாம் ஒன்றுதானே?

பதில்: ஸ்கோர் போர்டுக்கு ஒன்றுதான். தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியருக்கு இல்லை. ‘எடுத்தார்’ யாருக்கும் பொருந்தும். ‘அடித்தார்’ என்றால் பந்துக்குக் கொஞ்சமாவது வலித்திருக்க வேண்டும். 2008-ல் சேப்பாக்கத்தில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக சேவாக் 304 பந்தில் 319, அது ‘குவித்தார்’. ‘விளாசினார்’ என்றாலும் தகும். இதற்கு நேரெதிர் 1975 உலகக் கோப்பை. லார்ட்ஸில் இங்கிலாந்து அடித்தது 334. கவாஸ்கர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, 60 ஓவரும் நின்று, 174 பந்தில் 36 நாட் அவுட்! அதற்கு ஒரே சொல்தான்: ‘சேர்த்தார்’. உண்டியலில் காசு சேர்ப்பது போல.

கேள்வி: பந்து காலில் பட்டு ஓடினால்?

பதில்: லெக் பை. அடி வாங்கியவர் இவர், ஓடியவர் இவர். ரன் மட்டும் ‘உதிரி’ என்று அணிக் கணக்குக்குப் போய்விடும். ஆபீஸ் போகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கேள்வி: கால்பந்தில் கோல் ‘அடிப்பதா’, ‘போடுவதா’?

பதில்: இரண்டும் வழக்கில் உண்டு. உதைத்தாலும் தலையால் முட்டினாலும் ‘அடித்தார்’தான். 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டியதுகூட ‘அடித்த’ கணக்கில்தான் சேர்ந்தது. இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு வேறு வினைச்சொல் வைத்திருப்பார்கள்; அச்சில் ஏற்ற முடியாது. நான்கு நிமிடம் கழித்து, பாதி மைதானத்தைக் கடந்து போய் அவர் போட்ட கோலுக்கு அவர்களிடமும் மறுபேச்சு இல்லை.

கேள்வி: தன் பக்கமே கோல் போட்டால்?

பதில்: சேம் சைடு கோல். கால்பந்தே பார்க்காதவர்களுக்கும் தெரிந்த சொல். கட்சிப் பேச்சாளர்களின் உபயம்.

கேள்வி: கபடியில் பாயின்ட் ‘அடித்தார்’ எனலாமா?

பதில்: ‘எடுத்தார்’ போதும். ஆறு பேராவது எதிரே நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால், ஒருவரையும் தொடாமலே ஒரு பாயின்ட் வரும். ‘அடித்தார்’ என்றால் வருவது கார்டு.

கேள்வி: ஒன்றுமே எடுக்காதவரை எப்படி எழுதுவது?

பதில்: ஆளைப் பொறுத்தது. 1948-ல் ஓவலில் பிராட்மேன் தன் கடைசி இன்னிங்ஸில் நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி 100. இரண்டாவது பந்திலேயே போல்டு, 99.94-ல் நின்றுவிட்டது. அவரைப் போன்றவர்களுக்கு ‘ரன் கணக்கைத் தொடங்காமலே வெளியேறினார்’ என்பது மரியாதை. உங்கள் பையன் கணக்குப் பரீட்சையில் வாங்கினால் அது ‘முட்டை’.